பழைய கலியாண வீடியோவுக்குப் புளூ-ரே வேண்டுமா?

கேள்வி: எங்கட கலியாணம் 2006இல் வவுனியாவில் நடந்தது. வீடியோக்காரர் டி.வி.டியில்தான் தந்தவர். அண்மையில் கனடாவில் இருக்கிற தம்பி 43 அங்குல ரீ.வி ஒன்று எடுத்துத் தந்தான். அதில் போட்டால் முகமெல்லாம் கலங்கி, ஆட்கள் அகலமாகத் தெரியினம். பழைய 21 அங்குல ரீ.வியில் இதே டி.வி.டி வடிவாகத் தெரிந்தது. புளூ-ரே பிளேயர் வாங்கினால் திருந்துமா? ரவுணில் ஒரு கடையில் பழைய வீடியோவை எச்.டி ஆக்கித் தருவதாகச் சொல்லுகினம். காசு கொடுத்துச் செய்யலாமா? தங்கச்சியின்ர கலியாணம் 2016இல் நடந்தது. அதுவும் டி.வி.டியில்தான் இருக்கு.
— ஒரு வாசகி, பூவரசங்குளம்

அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். புளூ-ரே பிளேயர் வாங்க வேண்டாம். எச்.டி ஆக்குவதற்கும் இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் 2006 வீடியோ இன்று தெரிவதைவிட நன்றாகத் தெரியும். அதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் ரீ.வியின் பின்பக்கக் கம்பியிலும் ரிமோட்டிலும்தான் இருக்கிறது. தங்கச்சியின் கலியாண வீடியோ மட்டும் உண்மையான எச்.டியில் கிடைக்க வாய்ப்புண்டு. அதை எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இறுவட்டில் இருப்பதும் இல்லாததும்

எந்த வீடியோவும் புள்ளிகளால் ஆனது. ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் ஓடிய வீ.சி.டியில் ஒரு படச்சட்டத்துக்கு 352 × 288, அதாவது ஏறத்தாழ 1 இலட்சம் புள்ளிகள். இலங்கையில் புழங்கும் பால் முறை டி.வி.டியில் 720 × 576, அதாவது 4 இலட்சத்துக்குச் சற்று மேல். புளூ-ரேயில் 1920 × 1080, அதாவது 20 இலட்சத்துக்கு மேல். புளூ-ரேயில் டி.வி.டியைப் போல 5 மடங்கு விபரம் இருக்கிறது என்பது உண்மை.

உங்கள் புதிய ரீ.வியின் திரையில் குறைந்தது 20 இலட்சம் புள்ளிகள் இருக்கும். 4கே ரீ.வி என்றால் 83 இலட்சம். டி.வி.டி கொடுப்பது 4 இலட்சம் மட்டும். மிச்சப் புள்ளிகளுக்கு என்ன நிறம் போடுவது என்பதைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ரீ.வியே ஊகித்து நிரப்புகிறது. பெட்டியில் ‘அப்ஸ்கேலிங்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது இந்த வேலையைத்தான். எங்கள் ஊர்களில் அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டுமே மிஞ்சிய உறவுகளின் முகத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். படம் பெரிதாகும், ஓரங்கள் மழுமழுப்பாகும். சின்னப் படத்தில் பதியாத மச்சம் பெரிய படத்தில் வந்துவிடாது. அப்ஸ்கேலிங்கும் அவ்வளவுதான். நல்ல ரீ.வி அதை இதமாகச் செய்யும், மலிவான ரீ.வி கரடுமுரடாகச் செய்யும். இல்லாத சரிகையை இரண்டுமே கூறைச் சேலையில் நெய்து தரப்போவதில்லை.

பழைய ரீ.வியில் ஏன் வடிவாகத் தெரிந்தது? அதன் திரை உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். அந்த 576 கோடுகளும் அதற்குள் நெருக்கமாக அடங்கின. 43 அங்குல ரீ.வியின் உயரம் 53 சென்ரிமீற்றருக்கு மேல். அதே கோடுகளை இழுத்துப் பரப்பும்போது குறைகளும் சேர்ந்தே பெரிதாகின்றன. உங்கள் டி.வி.டி பழுதாகவில்லை. அதில் எப்போதும் இருந்த குறையைத் திரை இப்போது பெரிதாக்கிக் காட்டுகிறது.

கதிரை எங்கே இருக்கிறது?

எச்.டி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்பதைத் திரையின் அளவும் நீங்கள் இருக்கும் தூரமுமே தீர்மானிக்கின்றன. குறையில்லாத கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். கண் வைத்தியர் எழுத்துப் பலகை வைத்துச் சோதிக்கும் 6/6 பார்வை என்பது இதுதான். அந்தக் கணக்கை ரீ.விக்குப் பொருத்தினால் இப்படி வரும்:

32 அங்குலம்: 4 அடி தூரத்தில் எச்.டியின் முழுப் பயனும் தெரியும். 8 அடியைத் தாண்டினால் நல்ல டி.வி.டிக்கும் புளூ-ரேக்கும் வித்தியாசம் காண்பது கடினம்.

43 அங்குலம்: முழுப் பயனுக்கு ஐந்தரை அடி. பத்தரை அடிக்கு அப்பால் வித்தியாசம் மங்கிவிடும்.

55 அங்குலம்: முழுப் பயனுக்கு 7 அடி. பதின்மூன்றரை அடி வரை வித்தியாசம் தெரியும்.

இது திரையின் கோடுகளை வைத்துப் போட்ட அண்ணளவுக் கணக்கு. கூர்மையான கண்ணுக்கு ஓரிரு அடி தள்ளியும் தெரியலாம், மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டும் போடாதவர்களுக்குக் கிட்ட இருந்தாலும் தெரியாது. விறாந்தைச் சுவரோடு கதிரை போட்டு, எதிர்ச் சுவரில் 32 அங்குல ரீ.வி வைத்திருக்கும் வீட்டில் புளூ-ரேக்குச் செலவழிக்கும் காசு வீண். அதோடு, 32 அங்குல ரீ.விகளில் கனக்க 1366 × 768 புள்ளிகள் கொண்டவை. பெட்டியில் ‘எச்.டி ரெடி’ என்று போட்டிருக்கும். புளூ-ரேயின் முழு விபரத்தையும் அந்தத் திரையால் காட்டவே இயலாது.

உங்கள் திரை 43 அங்குலம். 7 அல்லது 8 அடியில் இருந்து பார்ப்பீர்களானால், உண்மையான எச்.டி வீடியோ உங்களுக்குத் தெளிவாக வேறுபட்டுத் தெரியும். உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எடுத்த கமராவே எல்லை

ஒரு வீடியோ எதில் எடுக்கப்பட்டதோ, அதுவே அதன் உச்ச எல்லை. பழைய தமிழ்ப் படங்கள் 35 மில்லிமீற்றர் பிலிம் சுருளில் எடுக்கப்பட்டவை. டி.வி.டி காட்டுவதைவிடப் பல மடங்கு விபரம் அந்தச் சுருளில் இருக்கிறது. 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பவும் தியேட்டருக்கு வந்து ஓடியதற்கு அதுவே காரணம். கிரீடத்தின் கல்லும் துணியின் வேலைப்பாடும் பிலிமில் ஏற்கெனவே பதிந்திருந்தன. அப்படிச் சுருளில் இருந்து புதிதாக எடுக்கப்பட்ட புளூ-ரே டி.வி.டியைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும். பழைய டி.வி.டிப் பிரதியையே இழுத்துப் புளூ-ரேயில் ஏற்றி விற்றால், அட்டைப்படம் மட்டுந்தான் புதிது.

2006இல் எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கு வந்த கமராக்கள் பெரும்பாலும் கசெற் கமராக்கள். அவற்றின் உச்சமே 576 கோடுகள். பொன்னுருக்கலிலிருந்து தாலி கட்டு வரை எல்லாமே அந்த அளவில்தான் பதிந்திருக்கும். அதைப் புளூ-ரேயில் ஏற்றினாலும், எச்.டி பைலாக மாற்றினாலும், புதிதாக ஒரு விபரமும் வராது.

மூன்று படம் ஒரே தட்டில்

டி.வி.டி எல்லாம் ஒரே தரம் என்றும் நினைக்க வேண்டாம். சாதாரண டி.வி.டி ஒன்று 4.7 ஜீ.பி கொள்ளும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் அதில் போட்டால் ஒரு செக்கனுக்கு 4 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். பார்க்கலாம். பெட்டிக் கடையில் தொங்கும் ‘மூன்று படம் ஒரே டி.வி.டி’யில் அதே இடத்தை மூன்று படங்கள் பங்குபோட, செக்கனுக்கு 1.4 மெகாபிட் மட்டுமே மிஞ்சும். அது வீ.சி.டியின் அளவு. மழைக் காட்சியிலும் இருட்டுக் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். புளூ-ரேயின் 25 ஜீ.பி தட்டில் ஒரே படத்துக்கு 22 மெகாபிட் கிடைக்கிறது.

சிலர் புளூ-ரேயைப் பார்த்துவிட்டு “அடேயப்பா” என்பது பல வேளைகளில் நெருக்கிப் பிழிந்த டி.வி.டியோடு அதை ஒப்பிட்டுத்தான். ஒழுங்காகச் செய்த ஒறிஜினல் டி.வி.டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் குறையும். கலியாண வீடியோவிலும் இதே கதைதான். ஆறு மணி நேர வீடியோவை ஒரே தட்டில் அடக்கித் தரும் ஸ்ரூடியோவைவிட, மூன்று தட்டில் பிரித்துத் தருபவர் நல்ல வேலை செய்கிறார்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

முதலில் ரீ.வியின் பின்பக்கம் பாருங்கள். டி.வி.டி பிளேயரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பிளக் வருகிறதா? படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் கம்பியில், நிறமும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கலந்து வருகிறது. சிவப்புச் சேலையின் ஓரத்தில் நிறம் வழிவதும், எழுத்தின் விளிம்பில் புள்ளிகள் ஊருவதும் அதனால்தான். உங்கள் பிளேயரில் எச்.டி.எம்.ஐ துளை இருந்தால் அந்தக் கேபிளை வாங்கி மாட்டுங்கள். விலை கூடிய கேபிள் தேவையில்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே கலக்கம் பெருமளவு போய்விடும்.

பிளேயரில் அந்தத் துளை இல்லையென்றால் புதுப் பிளேயர் வாங்காமலே இன்னொரு வழி இருக்கிறது. கொம்பியூட்டர் உள்ள பிள்ளை ஒருவரிடம் டி.வி.டியைக் கொடுத்து, ‘மேக் எம்.கே.வி’ என்ற மென்பொருளால் அப்படியே, தரம் குறையாமல் கொப்பி பண்ணிப் பென்ட்ரைவில் போடச் சொல்லுங்கள். பென்ட்ரைவை ரீ.வியில் செருகினால் படம் நேரே ஓடும். ரீ.வி அந்தப் பைலை ஏற்காவிட்டால் ‘ஹான்ட்பிரேக்’ கொண்டு எம்.பி.4 ஆக மாற்றலாம். மாற்றும்போது ‘டீஇன்ரர்லேஸ்’ என்ற தெரிவைப் போட மறக்க வேண்டாம். பழைய கமராக்கள் ஒற்றைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைக் கோடுகளை மறு தடவையுமாகப் பதிந்தவை. அதைச் சரியாகச் சேர்க்காவிட்டால், ஆடும் கையும் அசையும் மாலையும் கோடு கோடாகப் பிரிந்து தெரியும்.

அடுத்தது ரிமோட். ஆட்கள் அகலமாகத் தெரிவதற்குக் காரணம், 4:3 அளவில் எடுத்த வீடியோவை ரீ.வி 16:9 ஆக இழுப்பது. படத்தின் அளவு மெனுவில் 4:3 ஐத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தங்கள் சொந்த முகத்தோடு தெரிவார்கள்.

பிறகு பட முறை. கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ‘விவிட்’ முறையில் வைத்த ரீ.வியை வீட்டிலும் அப்படியே விடுகிறோம். அதை ‘மூவி’ அல்லது ‘ஸ்ரான்டர்ட்’ முறைக்கு மாற்றுங்கள். ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கிட்டத்தட்டக் கீழ் எல்லை வரை இறக்குங்கள். அது விபரத்தைக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு விளிம்பையும் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு கீறுகிறது, பழைய வீடியோவின் இரைச்சலையும் அதே வேகத்தில் பெருப்பிக்கிறது. கலங்கிய முகங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிளேயரை எச்.டி.எம்.ஐயில் மாட்டியவர்கள் அதன் மெனுவில் 576பி, 1080பி இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஒன்றில் பிளேயர் பெருப்பிக்கும், மற்றதில் ரீ.வி பெருப்பிக்கும். எது உங்கள் கண்ணுக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் வீடியோ

2016 கதை வேறு. 2008இல் கெனன் 5டி மார்க் 2 கமரா வந்ததிலிருந்து படக் கமராவிலேயே 1080 கோடு வீடியோ எடுக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. 2016இல் எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களும் பெரும்பாலும் எச்.டியில்தான் எடுத்தன. வீட்டில் டி.வி.டி பிளேயர்தானே இருக்கிறது என்று, கடைசியில் அதை டி.வி.டியாகச் சுருக்கிக் கையில் கொடுத்தார்கள். எடுத்தது 20 இலட்சம் புள்ளி, கைக்கு வந்தது 4 இலட்சம்.

ஆகவே அந்த ஸ்ரூடியோவுக்குப் போய் இப்படிக் கேளுங்கள்: “டி.வி.டிக்கு ஏற்றுவதற்கு முன்னம் எடிற் செய்து முடித்த எச்.டி பைல் இருக்கிறதா? அதில்லாவிட்டால் கமராவில் எடுத்த ஒறிஜினல் பைல்கள் இருக்கிறதா?” வெறுங்கையோடு போக வேண்டாம், ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டு போங்கள். ஒரு மணி நேர வீடியோ 10 ஜீ.பியோ அதற்கு மேலோ இடம் பிடிக்கலாம். பென்ட்ரைவில் எடுப்பதானால் அதை ‘எக்ஸ்ஃபட்’ முறையில் போர்மற் பண்ணியிருக்க வேண்டும், ஏனென்றால் பழைய ‘ஃபட் 32’ முறையில் 4 ஜீ.பிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. ஸ்ரூடியோக்காரர் தன் உழைப்புக்கு ஒரு தொகை கேட்டால் கொடுங்கள். எச்.டி ஆக்கித் தருகிறேன் என்பவருக்குக் கொடுப்பதைவிட அந்தக் காசுக்கு ஆயிரம் மடங்கு பெறுமதி உண்டு.

ஸ்ரூடியோக்கள் பழைய பைல்களை வருடக்கணக்கில் வைத்திருப்பதில்லை. இடம் போதாவிட்டால் அழிப்பார்கள். பிந்தாமல் போங்கள்.

பைல் கிடைத்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தாலி கட்டும் அதே காட்சியை டி.வி.டியிலும் எச்.டி பைலிலும் எடுத்து வையுங்கள். வழக்கமான கதிரையில் இருங்கள். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மகனோ மகளோ மாற்றி மாற்றிப் போடட்டும். கொண்டையில் வைத்த மல்லிகைப் பூவையும், கூறையின் கரையையும், பின்வரிசையில் நிற்பவர்களின் முகத்தையும் பாருங்கள். கிட்டக் காட்டும் முகத்தில் டி.வி.டியும் நன்றாகவே இருக்கும். சனக்கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்த காட்சியில்தான் எச்.டி தன் வேலையைக் காட்டும். டி.வி.டியில் வெறும் நிறத் திட்டாக நிற்கும் உறவினர் எச்.டியில் யாரென்று தெரிவார்.

‘எச்.டி ஆக்கித் தருவோம்’

இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய வீடியோவைத் தீட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. விளைவு முதற்பார்வைக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது செய்வது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய அந்த மென்பொருள், கலங்கிய முகத்தில் கண்ணிமையையும் பல் வரிசையையும் தானே வரைகிறது. அந்தக் கண் உங்கள் அப்பாவின் கண் அல்ல. சினிமாப் பாட்டுக்கு அது போதும். இன்று உயிரோடில்லாத ஒருவரின் கடைசி அசைவு பதிந்திருக்கும் வீடியோவுக்கு நான் அதைச் சம்மதிக்க மாட்டேன். ஆசைப்பட்டுச் செய்வதானாலும், மாற்றாத ஒறிஜினலை வேறாகப் பத்திரப்படுத்திய பிறகு செய்யுங்கள்.

2006 வீடியோவை உண்மையாகவே ஒரு படி உயர்த்த வழி ஒன்று இருக்கிறது. அது மினி டி.வி கசெற்றில் எடுக்கப்பட்டிருந்து, அந்தக் கசெற் வீட்டிலோ ஸ்ரூடியோவிலோ கிடந்தால், அதிலிருந்து நேரடியாகக் கொம்பியூட்டருக்கு ஏற்றச் சொல்லுங்கள். கசெற்றில் வீடியோ செக்கனுக்கு 25 மெகாபிட் அளவில், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜீ.பியாக இருக்கிறது. டி.வி.டியாக்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் எஞ்சியது. புள்ளிகள் கூடாவிட்டாலும் கட்ட உடைவும் இரைச்சலும் இல்லாத படம் கிடைக்கும். வீட்டில் வீ.எச்.எஸ் கசெற் இருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். உலகில் கடைசியாக டெக் தயாரித்து வந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. மினி டி.வி கசெற் தயாரிப்பைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. ஓட்டிப் பார்க்கும் மெசின் நல்லபடி இருக்கும்போதே ஏற்றி முடிக்க வேண்டும்.

யாருக்குப் புளூ-ரே?

55 அங்குலமோ அதற்கு மேலோ ரீ.வி இருந்து, 8 அடிக்குள் இருந்து படம் பார்ப்பவர்களுக்கும், ஒறிஜினல் தட்டு சேர்க்கும் சினிமாப் பிரியர்களுக்கும் புளூ-ரே இன்றும் நல்ல தெரிவு. வெளிநாட்டு உறவுகளிடம் படத் தட்டுச் சொல்லி எடுப்பவர்கள் பிரதேசக் குறியைக் கவனியுங்கள். கனடாப் புளூ-ரேக்கு ஏ, லண்டன், பிரான்சுக்கு பி, தெற்காசியாவுக்கு சி. தட்டும் பிளேயரும் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. வீட்டு விசேஷ வீடியோத் தட்டுகளுக்கு இந்தக் குறி இல்லை. கனடாவிலிருந்து வரும் டி.வி.டி என்.ரி.எஸ்.சி முறையில், 480 கோடுகளோடு இருக்கலாம். இங்கே விற்கும் பிளேயர்கள் பொதுவாக இரண்டு முறையையும் ஓட்டும்.

கடைசியாக ஒன்று. 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்கு உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்களுக்கு, அல்பமும் கசெற்றும் போனது எப்படிப்பட்ட இழப்பென்று நான் சொல்லத் தேவையில்லை. பலருக்குத் திரும்பக் கிடைத்தவையும் லண்டனிலோ பாரிசிலோ உறவினர் வைத்திருந்த கொப்பிகள்தாம். எழுதும் டி.வி.டித் தட்டின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும், பத்துப் பதினைந்து வருடத்தில் படிக்க முடியாமலும் போகலாம். ஆகவே இந்த மாதத்துக்குள் இரண்டு கலியாண வீடியோக்களையும் பைலாக எடுத்து, ஒரு கொப்பியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றைத் தம்பியிடம் கனடாவிலும் வையுங்கள். பிளேயருக்கு என்று ஒதுக்கிய காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.